நிவாரணப் பணத்துல டேட்டாவுக்கு என்ன வேலை?

வணக்கம் நேயர்களே, என்னைப் பேசக் கூப்பிட்ட நிலையத்துக்கு நன்றி. அமெரிக்காவுல உள்ளாட்சிகளுக்குக் கொரோனா நிவாரணமா ஒரு பெரிய தொகை போச்சு, அதுல ஒரு பங்கை எடுத்துப் பல ஊர்ல டேட்டா சிஸ்டம் கட்டுறதுக்குச் செலவு பண்ணலாம்னு முடிவு பண்ணாங்க, அதைப் பத்தித்தான் இன்னிக்குப் பேசப்போறேன். கேக்கும்போது கம்ப்யூட்டர்காரங்க சமாச்சாரம்னு தோணலாம், ஆனா இது சோறு, வாடகை, குழந்தைங்க சம்பந்தப்பட்டது, அதனால கொஞ்சம் பொறுமையா கேளுங்க.

2020 ஜூலையில ஹூஸ்டன் நகரம் இருக்கிற ஹாரிஸ் கவுண்டியில (கவுண்டின்னா மாவட்டம்னு வச்சுக்கங்க, அங்க மட்டும் 47 லட்சம் ஜனம்) கொரோனா டெஸ்ட் ரிசல்ட் பல லேப்ல இருந்து ஃபேக்ஸ்லதான் வந்துட்டு இருந்துச்சு. நியூயார்க் டைம்ஸ்ல அப்ப அந்தச் செய்தி வந்துச்சு, மெஷின்ல இருந்து நூத்துக்கணக்கான பக்கம் கொட்டித் தரையெல்லாம் பேப்பர், அதை ஆளுங்க பொறுக்கி எடுத்து ஒவ்வொண்ணா கம்ப்யூட்டர்ல ஏத்தணும். நாடு முழுக்கவே வந்த ரிசல்ட் பலதுல போன் நம்பர் இல்ல, அட்ரஸ் இல்ல, நோய் வந்தவரைக் கூப்பிட்டு வெளிய போகாதீங்கன்னு சொல்றதுக்கே வழியில்லாம போச்சு. அப்புறம் தடுப்பூசி வந்துச்சு, 2020 டிசம்பர் 14ல இருந்து முதல் ஒரு மாசத்துல கிட்டத்தட்ட 1 கோடியே 29 லட்சம் பேருக்கு முதல் ஊசி போட்டாச்சு, ஆனா அதுல பாதிப் பேருக்குத்தான் அவங்க எந்த இனம்ங்கிற விவரமே பதிவாகி இருந்துச்சு. கறுப்பின மக்களும் லத்தீன் அமெரிக்க வம்சாவளி மக்களும் அதிகமா செத்துட்டு இருந்த நேரம் அது, ஊசி அவங்களுக்குப் போய்ச் சேருதான்னு கேட்டா உறுதியா பதில் சொல்ல யாராலயும் முடியல.

இதைவிட என் மனசை உறுத்துன விஷயம் பள்ளிக்கூடச் சாப்பாடு. ஸ்கூல் மூடினதும் மதியச் சாப்பாட்டை நம்பி இருந்த குழந்தைங்களுக்கு ஒரு நாளைக்கு 5 டாலர் 70 சென்ட் கணக்குப் போட்டு ஒரு கார்டுல பணம் ஏத்திக் கொடுக்கலாம்னு 2020 மார்ச்ல சட்டம் வந்துச்சு. நல்ல திட்டம். ஆனா இலவசச் சாப்பாடு சாப்பிடுற பிள்ளைங்க லிஸ்ட் இருக்கிறது ஸ்கூல்ல, கார்டு அனுப்புற வசதி இருக்கிறது ஃபுட் ஸ்டாம்ப் ஆபீஸ்ல (ஏழைக் குடும்பங்களுக்குச் சாப்பாட்டுச் சாமான் வாங்க அரசு கொடுக்கிற உதவிதான் ஃபுட் ஸ்டாம்ப்), ரெண்டும் தனித்தனி சிஸ்டம். கலிஃபோர்னியாவுல ஏற்கெனவே ஃபுட் ஸ்டாம்போ அரசு மருத்துவக் காப்பீடோ வாங்கிட்டு இருந்த வீட்டுப் பிள்ளைங்களுக்கு கார்டு தானா தபால்ல போயிருச்சு, மத்த பிள்ளைங்களோட அம்மா அப்பா மட்டும் ஆன்லைன்ல தனியா விண்ணப்பம் போடணும்னு ஆச்சு. அந்தப் பிள்ளை இலவசச் சாப்பாட்டுக்குத் தகுதியானதுன்னு ஸ்கூலுக்குத் தெரியும், அரசாங்கத்துல ஒரு ஆபீஸுக்குத் தெரிஞ்ச ஒண்ணைப் பக்கத்து ஆபீஸுக்கு நிரூபிக்கிற வேலையை வேலை போன ஒரு அம்மா தலையில வச்சாங்க, அதுதான் எனக்கு ஆறவே இல்ல.

வாடகையிலயும் இதே கதைதான். வாடகை கட்ட முடியாதவங்களுக்குன்னு ரெண்டு தவணையா 4,650 கோடி டாலர் கிட்ட ஒதுக்குனாங்க, 2021 ஜூலை முடியுறப்ப அதுல வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது சுமார் 510 கோடி. அடுத்த மாசமே, வாடகை பாக்கிக்காக ஆளை வெளியேத்தக் கூடாதுங்கிற தடையையும் சுப்ரீம் கோர்ட் நிறுத்திருச்சு, அப்பப் பணம் அரசாங்கத்துக்கிட்ட இருக்கு, குடும்பம் வாசல்ல நிக்குது. சம்பளச் சீட்டு கொண்டா, வேலை போனதுக்குக் கடிதம் கொண்டா, வீட்டு ஓனர் கையெழுத்து கொண்டான்னு ஒவ்வொரு ஊர்லயும் கேட்டதுதான் இதுல பெரிய இழுபறி, புதுசா ஆபீஸ் தொடங்கி ஆள் எடுக்க வேண்டியிருந்ததும் ஒரு காரணம். வேற ஒரு திட்டத்துல வருமானம் ஏற்கெனவே பார்த்து முடிச்ச கடிதம் இருந்தா அதுவே போதும், அந்த ஏரியாவோட வருமானத்தை வச்சே முடிவு பண்ணலாம், கடைசியில ஆளே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாலும் சரின்னு கருவூலத் துறை படிப்படியா இறங்கி வந்துச்சு, அதுக்கப்புறம்தான் வேகம் வந்துச்சு.

இந்தச் சூழ்நிலையிலதான் 2021 மார்ச் 11ஆம் தேதி ஜனாதிபதி பைடன் கையெழுத்துப் போட்ட மீட்புச் சட்டம் வருது, சுருக்கமா ஆர்ப்பான்னு சொல்லுவாங்க. அதுல மாநிலம், கவுண்டி, நகரம், பழங்குடி அரசுகள் எல்லாத்துக்கும் சேர்த்து 35,000 கோடி டாலர், கவுண்டிகளுக்கு மட்டும் 6,500 கோடிக்கு மேல. 2020ல வந்த முதல் நிவாரணத்துல 5 லட்சம் ஜனத்தொகைக்கு மேல இருந்த உள்ளாட்சிக்குத்தான் நேரடியாப் பணம், இந்தத் தடவை சின்ன ஊர் வரைக்கும் போச்சு. 2022 ஜனவரியில வந்த இறுதி விதிகள்ல, நிவாரணத் திட்டம் ஒழுங்கா வேலை செய்றதுக்கு டேட்டா, தொழில்நுட்பம், திட்ட மதிப்பீடு இதுக்கெல்லாமும் செலவு பண்ணலாம்னு தெளிவாவே எழுதிட்டாங்க. ரொம்ப நாளா கிடைக்காத அனுமதி இது. ஏன்னா சாதாரணமா மத்திய அரசுப் பணம் ஒவ்வொண்ணும் ஒரு திட்டத்துக்குன்னு முத்திரை குத்தி வரும், மனநலப் பணத்துல மனநல சாஃப்ட்வேர், வீட்டுப் பணத்துல வீட்டு சாஃப்ட்வேர், ரெண்டையும் சேர்க்கிற நடு வேலைக்கு யார்கிட்டயும் காசு இருக்காது.

சேர்க்கிறதுன்னா என்ன பண்றாங்கன்னு கேட்டீங்கன்னா, ஸ்கூல், ஜெயில், மனநலம், வீடில்லாதவங்க காப்பகம், குழந்தைகள் பாதுகாப்புன்னு தனித்தனியா கிடக்கிற ரெக்கார்டுல எது எது ஒரே ஆளோடதுன்னு கண்டுபிடிச்சு இணைக்கிறது. பேரு, பிறந்த தேதி, சோஷியல் செக்யூரிட்டி நம்பர் (ஆளுக்கு ஒண்ணுன்னு அரசு கொடுக்கிற அடையாள எண்) இதை வச்சுத்தான் பொருத்துவாங்க, நம்பர் இல்லாத இடத்துல இத்தனை சதவீதம் ஒத்துப்போகுதுன்னு கணக்குப் போட்டுப் பொருத்துவாங்க. நம்ம ஆளுங்களுக்கு இதுல என்ன சிக்கல் வரும்னு அமெரிக்காவுல இருக்கிறவங்களுக்கு உடனே புரியும், குடும்பப் பேர்னு ஒண்ணு நமக்குக் கிடையாது, ஒரு ஆபீஸ்ல அப்பா பேரு கடைசிப் பேரா இருக்கும், இன்னொண்ணுல இனிஷியல் மட்டும் இருக்கும், பாஸ்போர்ட்ல ஒத்தைப் பேரு இருந்தா விசாவுல முதல் பேரு இருக்க வேண்டிய இடத்துல எஃப்என்யூன்னு போட்டு வரும், முதல் பேரு தெரியலன்னு அர்த்தம். இப்படிப்பட்ட பேரை மெஷின் ரெண்டு ஆளா பிரிச்சுரலாம், இல்ல ரெண்டு ஆளை ஒண்ணா சேர்த்துரலாம். பிரிச்சா உதவி கைநழுவும், சேர்த்தா யாரோ ஒருத்தரோட ஜெயில் ரெக்கார்டு உங்க பேர்ல வந்து ஒட்டும், என்னைக் கேட்டா ரெண்டாவதுதான் ரொம்ப மோசம்.

இந்த வேலையை நிவாரணப் பணத்துக்கு ரொம்ப முன்னாடியே செஞ்ச இடம் பிட்ஸ்பர்க் நகரம் இருக்கிற அலகேனி கவுண்டி. 1997ல பல சமூகநலத் துறைகளை ஒரே துறையா ஆக்கினாங்க, 1999ல உள்ளூர் அறக்கட்டளைகள் கொடுத்த பணத்துல எல்லாத்தையும் சேர்க்கிற ஒரு டேட்டா கிடங்கு கட்டுனாங்க. இத்தனை வருஷம் அது தாக்குப் பிடிச்சதுக்கு என்ன காரணம்னு பார்த்தா, மெஷினை விட முதல்ல நிர்வாகத்தைச் சேர்த்தாங்க, யார் யாருக்கு எதைப் பார்க்க உரிமைன்னு ஒப்பந்தம் ஒப்பந்தமா எழுதுனாங்க. ஸ்கூல் ரெக்கார்டுக்கு 1974ஆம் வருஷத்துச் சட்டம், மருத்துவ ரெக்கார்டுக்கு 1996ஆம் வருஷத்துச் சட்டம், போதை சிகிச்சைக்கு அதையும் விடக் கறாரான தனி விதி, இத்தனையும் தாண்டித்தான் ஒரு வரி டேட்டா நகரணும். இந்தத் துறையில இருக்கிறவங்களைக் கேட்டா சாஃப்ட்வேர் வாங்குறது சுலபம், வக்கீல்கள் கையெழுத்து வாங்குறதுதான் வருஷக்கணக்குன்னு சொல்லுவாங்க. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துல ஏஐஎஸ்பின்னு ஒரு குழு இதுக்காகவே பல ஊர்களுக்கும் வழிகாட்டிட்டு இருக்கு, அவங்களும் திரும்பத் திரும்பச் சொல்றது நிர்வாகம், ஒப்பந்தம், மக்கள் சம்மதம் இதைத்தான்.

ஆனா அதே அலகேனியில 2016 ஆகஸ்ட்ல அந்தக் கிடங்கை வச்சு ஒரு புது வேலை ஆரம்பிச்சாங்க. ஒரு குழந்தையைச் சரியா கவனிக்கலன்னு யாராவது போன்ல புகார் கொடுத்தா, அந்தக் குடும்பத்துக்கு 1ல இருந்து 20 வரைக்கும் மெஷின் ஒரு மார்க் போடும், விசாரணைக்கு ஆள் அனுப்பலாமா வேணாமான்னு ஊழியர் முடிவு பண்ணும்போது அந்த மார்க்கையும் பார்ப்பார். ஆரம்ப வருஷங்கள்ல அது கறுப்பினக் குழந்தைகளை அளவுக்கு மீறி விசாரணைக்குத் தள்ளுற மாதிரி மார்க் போட்டுச்சுன்னு கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வைச் சுட்டி 2022ல ஏபி செய்தி நிறுவனம் எழுதுச்சு, கவுண்டி அந்தக் கணக்கை ஏத்துக்கல. கணக்கு எப்படியோ இருக்கட்டும், எனக்கு ஒரு விஷயம் தெளிவா தெரியுது, அந்தக் கிடங்குல இருக்கிறது அரசு உதவி கேட்டு வந்தவங்க ரெக்கார்டு. காசு இருக்கிறவர் தனியார் டாக்டர்கிட்ட போய் மன அழுத்தத்துக்கு சிகிச்சை எடுத்தா அது இங்க வராது, ஏழை அதே சிகிச்சையை அரசு மையத்துல எடுத்தா அது அவர் பேருக்கு எதிரா நிக்க வாய்ப்பு இருக்கு. உதவி கேட்டதே ஒரு ஆபத்துக் குறியா மாறக் கூடாதுங்க. 2020ல அங்கேயே புதுசா பிறந்த குழந்தைங்க குடும்பத்துக்கு உதவுற ஒரு திட்டத்துல, எங்க டேட்டாவை எடுக்காதீங்கன்னு குடும்பங்களே சொல்லி விலகிக்கலாம்னு வழி வச்சாங்க. அந்த வழி எல்லா இடத்துலயும் இருக்கணும்னு நான் நினைக்கிறேன்.

இல்லன்னா எங்க போய் முடியும்னு ஃப்ளோரிடாவுல பாஸ்கோ கவுண்டியைப் பாருங்க. அங்க ஷெரிஃப் ஆபீஸ், அதாவது கவுண்டியோட போலீஸ், பள்ளிக்கூட மார்க்கு, வருகைப் பதிவு, குழந்தைகள் பாதுகாப்பு ரெக்கார்டு எல்லாத்தையும் சேர்த்து, பிற்காலத்துல குற்றவாளி ஆகலாம்னு 400 பிள்ளைங்களுக்கு மேல ஒரு லிஸ்ட் வச்சிருந்தாங்க, பிள்ளைக்கும் சொல்லல, பெத்தவங்களுக்கும் சொல்லல. டாம்பா பே டைம்ஸ் பத்திரிகை 2020ல அதை வெளிய கொண்டு வந்துச்சு, ஷெரிஃப் ஆபீஸ் பத்தின அந்தப் புலனாய்வுக்கு அடுத்த வருஷம் புலிட்சர் பரிசு கிடைச்சுது. வீட்டுல அடி வாங்குன பிள்ளைன்னு பாதுகாக்கிறதுக்காக எழுதி வச்ச ரெக்கார்டு, அந்தப் பிள்ளையையே சந்தேகப்படுறதுக்குப் பயன்பட்டிருக்கு. மினசோட்டாவுல செயின்ட் பால் நகரமும் ராம்சே கவுண்டியும் அங்க அரசுப் பள்ளிகளை நடத்துற பள்ளி மாவட்டமும் சேர்ந்து பிள்ளைங்க டேட்டாவை இணைக்க 2018ல ஒப்பந்தம் போட்டாங்க, பெத்தவங்களும் அந்தப் பகுதி மக்களும் கேள்வி கேட்டுக் கேட்டு நின்னதுல 2019 தொடக்கத்துலயே அந்த ஒப்பந்தம் கலைஞ்சு போச்சு. எங்களைக் கேக்காம எங்க பிள்ளைங்களை எண்ணாதீங்கன்னு அவங்க சொன்னது நூறு சதவீதம் நியாயம்.

சரி, அப்ப இணைக்கவே வேணாமான்னா, இல்ல, அப்படிச் சொல்ல மாட்டேன், திரும்ப ஹூஸ்டனுக்கே வாங்க. அங்க வீடில்லாதவங்களுக்காக நூத்துக்கும் மேல அமைப்புகள் ஒரே சிஸ்டத்துல பதிவு பண்ணி, ஒரே வரிசை வச்சு, யாருக்கு அவசரமோ அவங்களுக்கு முதல்ல வீடுன்னு வேலை செய்றாங்க. 2011ல இருந்து பார்த்தா வீடில்லாதவங்க எண்ணிக்கை 60 சதவீதத்துக்கு மேல குறைஞ்சிருக்கு. கொரோனா வந்ததும் 2020ல 6.5 கோடி டாலர்ல ஒரு வீட்டுத் திட்டம், 2022ல 10 கோடி டாலர்ல ரெண்டாம் கட்டம், நிவாரணப் பணம் வந்த அன்னிக்கே வேலையை ஆரம்பிக்க அவங்ககிட்ட ஆள் பட்டியல் இருந்துச்சு. இங்க டேட்டாவுல இருந்து ஆளுக்குப் போனது வீட்டுச் சாவி, பாஸ்கோவுல போனது போலீஸ். டெக்னாலஜி கிட்டத்தட்ட ஒண்ணுதான், இது எதுக்குன்னு முதல்லயே எழுதி வச்சதுதான் வேற.

கடைசியா ஒரு நடைமுறை விஷயம். இந்தப் பணத்தை 2024 டிசம்பர் 31க்குள்ள எதுக்குன்னு ஒப்பந்தம் போட்டு முடிச்சிருக்கணும், 2026 டிசம்பர் 31க்குள்ள செலவழிச்சு முடிக்கணும். அதுக்கப்புறம் சிஸ்டம் இருக்கும், லைசென்ஸ் கட்டணம் வருஷா வருஷம் வரும், அதைப் பார்த்துக்கிற ஆளோட சம்பளம் எங்க இருந்து வரும்? பேர் பொருத்துனதுல தப்பு இருந்தா அதைத் திருத்துறதுக்கு ஒரு மனுஷன் உட்கார்ந்து இருக்கணும் இல்லையா, ஒரே தடவை வந்த பணத்துல ஆள் போட்டுட்டு பணம் தீர்ந்ததும் ஆளை எடுத்துட்டா, தப்பெல்லாம் அப்படியே உள்ளயே கிடக்கும், திருத்த யாரும் இருக்க மாட்டாங்க. அமெரிக்காவுல இருந்து கேட்டுட்டு இருக்கிற நேயர்கள் ஒண்ணு பண்ணலாம், இரண்டரை லட்சத்துக்கு மேல ஜனத்தொகை இருக்கிற கவுண்டியும் நகரமும் இந்தப் பணத்தை எப்படிச் செலவு பண்ணோம்னு வருஷா வருஷம் மக்கள் பார்க்கிற மாதிரி அறிக்கை போடணும்னு விதி இருக்கு, உங்க ஊரோடதை எடுத்துப் படிங்க, டேட்டான்னு ஒரு வரி இருந்தா அடுத்த பட்ஜெட் கூட்டத்துல எழுந்து மூணு கேள்வி கேளுங்க: இதை யாரெல்லாம் பார்க்கலாம், ஷெரிஃப் ஆபீஸ் பார்க்கலாமா, என் ரெக்கார்டுல தப்பு இருந்தா 2027ல நான் யார்கிட்ட போய்த் திருத்தணும்? நன்றி, வணக்கம்.