யாருங்க அந்தப் பார்வதி?

(முன்னாள் படைவீரர் அமைப்பின் அகில இந்திய ஆண்டுக் கூட்டம் கோவையில் நடந்தபோது பேசியது. எழுதும்போது சில இடங்களைச் சுருக்கிவிட்டேன். வணக்கம் சொன்ன பகுதியைச் சுருக்க மட்டும் மனம் வரவில்லை.)

மேடையில் வீற்றிருக்கும் அகில இந்தியத் தலைவர் பிரிகேடியர் ஐயா அவர்களே, டில்லியிலிருந்து வந்திருக்கும் பொதுச்செயலாளர் அவர்களே, வெலிங்டனிலிருந்து காலையிலேயே மலையிறங்கி வந்துவிட்ட கர்னல் ஐயா அவர்களே, மாவட்ட நிர்வாகத்தின் சார்பில் வந்திருக்கும் அம்மையார் அவர்களே, சட்டமன்ற உறுப்பினர் அவர்களே! அவர் இன்னும் வந்து சேரவில்லை. அவிநாசி சாலை நெரிசலில் இருக்கிறாராம். பரவாயில்லை, இந்த வணக்கம் அவருக்காக இங்கேயே காத்திருக்கட்டும்.

ராஜஸ்தானத்து ஜுன்ஜுனுவிலிருந்தும் மகாராஷ்டிரத்து சாத்தாராவிலிருந்தும் ரயிலேறி வந்திருக்கும் சகோதரர்களுக்குத் தனியாக ஒரு வணக்கம். உங்கள் பக்கம் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருப்பார். எங்கள் கொங்கு நாடு அப்படியில்லை. இங்கே தோட்டம், தறி, மில், பட்டறை என்று ஆளை இழுக்க ஆயிரம் வேலை உண்டு. அதனால்தான் ஊருக்கு ஒருவர் பட்டாளத்துக்குப் போனால் அவர் பேரே போய்விடும், ‘மில்ட்ரிக்காரர்’ ஆகிவிடுவார். அவர் தோட்டம் மில்ட்ரிக்காரர் தோட்டம், அவர் சம்சாரம் மில்ட்ரிக்காரம்மா. அந்த அம்மாவின் பேர் என்ன என்று கேட்டால் பக்கத்து வீட்டுக்காரருக்கே தெரியாது. இதை இப்போது மனதில் போட்டு வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். படைவீரர் தினம் ஜனவரி 14 அன்று வருகிறது. நம் தரைப்படையின் முதல் இந்தியத் தலைமைத் தளபதி கரியப்பா 1949 ஜனவரி 15 அன்று பொறுப்பேற்றார், 1953 ஜனவரி 14 அன்று ஓய்வு பெற்றார். அந்த நாளை நமக்குத் தந்ததில் பெருமைதான். ஆனால் அன்று இங்கே பொங்கல் நேரம். அடுத்து பட்டிப் பொங்கல், அதற்கடுத்து பூப்பறிக்கும் நோன்பு. மாட்டுக்குக் கொம்பு சீவிக்கொண்டிருப்பவரைக் கூட்டத்துக்கு வா என்று எப்படி அழைப்பது? நோன்பெல்லாம் முடியட்டும், ஒரு ஞாயிற்றுக்கிழமையாகப் பாருங்கள் என்று நாங்கள் கேட்டோம். தலைவர் ஐயா மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார். அவருக்கு இந்தத் துண்டைப் போர்த்துவதில் கோவை மாவட்டக் கிளை மகிழ்ச்சி அடைகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மூன்று பொருள் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். ஒன்று, ஒரே பதவி ஒரே ஓய்வூதியம். இரண்டு, நமக்கான மருத்துவத் திட்டமான ஈ.சி.எச்.எஸ். மூன்று, அக்னிவீரர்களாகப் போய் நான்கு வருடத்தில் திரும்பிவரும் பிள்ளைகளுக்கு நாம் என்ன செய்யப் போகிறோம் என்பது. மூன்றும் முக்கியமானவை. முதலாவதைப் பற்றி உங்களுக்கே தெரியும். 2015 நவம்பரில் ஆணை வந்தது, 2014 ஜூலை 1 முதல் கணக்கு, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மறுநிர்ணயம். 2024 ஜூலையில் மூன்றாவது நிர்ணயமும் வந்துவிட்டது. அதில் இருக்கும் குறைகளைப் பொதுச்செயலாளர் விரிவாகச் சொல்வார். எங்கள் பக்கத்தில் ஒரு பழமொழி இருக்கிறது, காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்று. களத்தில் நெல்லைக் குவித்து வைத்துக்கொண்டு, காற்று அடிக்கும்போது உட்கார்ந்து வெற்றிலை போட்டவன் கதி என்ன ஆகும் என்று இங்கே இருக்கிற விவசாயிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், காங்கேயம் பக்கம் ஒரு அம்மா இருக்கிறார்.

அவர் வீட்டுக்காரர் நம்மவர். 1970களில் சேர்ந்தவர், ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். சேர்ந்து சில வருடம் கழித்து லீவில் வந்து கல்யாணம் முடித்துவிட்டு யூனிட்டுக்குத் திரும்பினார். கல்யாணத்தை ஆவணத்தில் ஏற்ற வேண்டுமே, கிளார்க் முன்னால் போய் நின்றார். கிளார்க் வடநாட்டுக்காரர். நம்மவருக்கு அப்போது தெரிந்த இந்தி ‘டீக் ஹை’ ஒன்றுதான். “பீவி கா நாம்?” என்றார் கிளார்க். பக்கத்தில் நின்ற கேரளத்து ஆள் மலையாளத்தில் விளக்க, நம்மவர் வெட்கத்தோடு “பாப்பாத்தி” என்றார். கிளார்க் தலையைத் தூக்கி, “க்யா?” என்றார். “பாப்பாத்தி.” மறுபடியும் “க்யா?” நம்மவர் பரேடு மைதானத்தில் கத்துகிற மாதிரி “பாப்பாத்தி!” என்று கத்தினார். வரிசையே சிரித்தது. கிளார்க்குக்கு ஏதோ விளங்கியது. “அச்சா, பார்வதி. அச்சா நாம்” என்று சொல்லி, தட்டச்சில் அடித்து, முத்திரையும் குத்திவிட்டார். பிறந்த தேதி கேட்டதற்கு, “சோளம் அறுக்கும்போது பிறந்தாள்” என்றாராம் நம்மவர். கிளார்க் அதற்கும் ஒரு தேதி போட்டுக்கொண்டார்.

அவ்வளவுதான். ஊரில் பாப்பாத்தி, ரேஷன் கார்டில் பாப்பாத்தி, ஆதாரில் பாப்பாத்தி, பட்டாளத்தில் மட்டும் பார்வதி. நாற்பது வருடத்துக்கு மேல் இந்தப் பார்வதி காகிதத்திலேயே குடித்தனம் நடத்தினாள். ஹவில்தாருக்கு இது தெரியுமா என்றால் தெரியும். பார்த்துக்கொள்ளலாம், பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். ஒரு நாள் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டப் போனவர் திரும்பி வரவில்லை. மாரடைப்பு.

காரியமெல்லாம் முடிந்தபின் அந்த அம்மா குடும்ப ஓய்வூதியத்துக்காகப் போனார். கவுண்டரில் இருந்தவர் காகிதத்தைப் பார்த்துவிட்டு, “பார்வதியை வரச் சொல்லுங்கம்மா” என்றிருக்கிறார். அன்று சாயங்காலமே அந்த அம்மா என் வீட்டுக்கு வந்துவிட்டார். வாசலில் நின்றபடியே கேட்டார், “ஏனுங்க சுபேதாரையா, நீங்களும் அவரும் ஒண்ணாத்தான இருந்தீங்க? எங்கிட்ட மறைக்காமச் சொல்லோணும். யாருங்க அந்தப் பார்வதி? காசுமீரத்துல ஒருத்தியக் கட்டி வெச்சிருந்தாரா?”

நீங்கள் சிரிக்கிறீர்கள். அவரைச் சமாதானப்படுத்த என் வீட்டம்மாவுக்கு இரண்டு டம்ளர் காபியும் ஒரு மணி நேரமும் ஆனது. அதற்குப் பிறகு கிராம நிர்வாக அலுவலர், தாசில்தார், வக்கீல், உறுதிமொழிப் பத்திரம் என்று அலைச்சல். பாப்பாத்தியும் பார்வதியும் ஒரே ஆள்தான் என்று அரசாங்கத்துக்கு நிரூபிப்பதற்குள், கொறங்காட்டில் மேய்ந்த ஆடுகள் ஒவ்வொன்றாகச் சந்தைக்குப் போயின. பெட்டியைக் கிளறினால், 56 ஏ.பி.ஓ. என்ற பட்டாளத் தபால் முத்திரையோடு ஹவில்தார் எழுதிய இன்லேண்டு கடிதம் ஒரு கட்டு கிடைத்தது. எல்லாமே ‘அன்புள்ள பாப்பாத்திக்கு’. அதையெல்லாம் நகல் எடுத்து வைத்தோம். கடைசியில் கிடைத்தது, நிலுவையோடு கிடைத்தது. ஆனால் விற்ற ஆடு திரும்பி வருமா?

கிளார்க்கைத் திட்டிப் பயனில்லை. அவருக்குக் காதில் விழுந்ததை எழுதினார். திருத்த நாற்பது வருடம் இருந்தது, காற்றும் அடித்தது, தூற்றத்தான் ஆளில்லை. 1971இல் சண்டை போட்டவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். எல்லோரும் எழுபதைத் தாண்டியவர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், நேராகவே கேட்கிறேன். உங்கள் ஓய்வூதிய ஆணையில், அதாவது பி.பி.ஓ.வில், உங்கள் சம்சாரத்தின் பெயர் எப்படி எழுதியிருக்கிறது என்று இப்போது எத்தனை பேரால் சொல்ல முடியும்? கையைத் தூக்குங்கள். தலைவர் ஐயா, பாருங்கள், கைகளை எண்ணுவது சுலபமாக இருக்கிறது.

கணவர் இருக்கும்போது இது ஒரு விண்ணப்பத்தில் தீர்கிற வேலை. உறுதிமொழிப் பத்திரம், ஆதார், பி.பி.ஓ. நகல், டிஸ்சார்ஜ் புத்தக நகல், இவற்றை மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக உங்கள் ஆவண அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். மதராஸ் ரெஜிமென்ட்காரர்களுக்கு வெலிங்டன், சாப்பர் தம்பிகளுக்குப் பெங்களூரு, பீரங்கிக்காரர்களுக்கு நாசிக், சிக்னல்ஸ்காரர்களுக்கு ஜபல்பூர், ஈ.எம்.ஈ.காரர்களுக்கு செகந்திராபாத். பெயரோடு பிறந்த தேதியையும் பாருங்கள். ஓய்வூதியத்துக்கான ஸ்பர்ஷ் இணையதளம் வந்தபிறகு எல்லாம் கணினிதான். கணினிக்கு மாமன் மச்சான் தெரியாது, ஓர் எழுத்து மாறினாலும் நிறுத்திவிடும். ஸ்பர்ஷில் உள்ளே போகத் தெரியாதவர்கள் பேரனைக் கேளுங்கள், இல்லாவிட்டால் பொதுச் சேவை மையத்துக்குப் போங்கள்.

இந்த மாநாட்டில் தீர்மானமாக ஒன்றைப் போடச் சொல்லிக் கேட்கிறேன். பெயர் குழப்பம் என்று விதவையின் விண்ணப்பம் நிற்கும்போது, விசாரணை முடியும்வரை இடைக்காலமாகவாவது ஒரு தொகை தர வேண்டும். சாதாரணக் குடும்ப ஓய்வூதியமே கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம்தான், அதையும் நிறுத்தினால் அடுப்பு எரியாது. ஓய்வூதியமே இல்லாமல் 65 வயதைக் கடந்தவர்களுக்கு மாத உதவி 4,000 ரூபாயிலிருந்து 8,000 ஆக உயர்ந்திருக்கிறது, 2025 நவம்பர் முதல் நடைமுறை. நல்ல காரியம், கைதட்டலாம். ஆனால் அந்த விண்ணப்பத்தையும் பெயர் சரியாக இருந்தால்தான் வாங்குவார்கள்.

ஈ.சி.எச்.எஸ். பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. தலைவர் ஐயா கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். சரி, மாலை அமர்வில் டாக்டர் அம்மா பேசுவார். அக்னிவீரர் விஷயமும் அப்படியே நிற்கட்டும். அந்தப் பிள்ளைகளுக்கு ஒன்று மட்டும், கல்யாணம் ஆனால் பெயரைக் கிளார்க்கிடம் வாயால் சொல்லாதீர்கள், சீட்டில் எழுதிக் கொடுங்கள். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்று நான் இத்துடன் மூன்றாம் முறை சொல்கிறேன், வீட்டில் என்னைத் திட்டுவதும் இதற்காகத்தான்.

வாசலுக்கு வலப்பக்கம் ஒரு மேசை போட்டிருக்கிறோம். ஓய்வு பெற்ற ஹெட் கிளார்க் ஒருவரும் மகளிர் பிரிவிலிருந்து இரண்டு பேரும் படிவத்தோடு உட்கார்ந்திருக்கிறார்கள். பி.பி.ஓ. கையில் இல்லாதவர்கள் வீட்டுக்குப் போன் போட்டுப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சம்சாரத்தோடு வந்தவர்கள் அவரையே கூட்டிப்போங்கள், அவர் பெயரை அவர் வாயாலேயே சொல்லட்டும். மதியத்துக்கு அரிசியும் பருப்பும் சாதம், ஒப்புட்டு. படிவம் வாங்கியவர்களுக்குத்தான் முதல் பந்தி என்று சமையல்காரரிடம் சொல்லிவைத்திருக்கிறேன். தலைவர் ஐயாவுக்கும் அதே உத்தரவுதான். ஜெய் ஹிந்த்.