பெட்டியில 450 வாட்… உள்ள எவ்வளவு? எஸ்.எம்.பி.எஸ் வாங்கும் முன்னாடி இதைப் பாருங்க!

[திரையில்: புது கேபினட், பக்கத்தில் கிராஃபிக்ஸ் கார்டு]

வணக்கம் மக்களே! கிராஃபிக்ஸ் கார்டுக்கு மாசக்கணக்கா ரிவ்யூ பார்க்குறோம். ப்ராசஸருக்கு பத்துப் பேர்கிட்ட கேக்குறோம். கடைசியில "சார், கேபினட்டோடயே எஸ்.எம்.பி.எஸ் ஃப்ரீ"ன்னு கடைக்காரர் சொன்னதும் சரின்னுட்டு வந்துடுறோம். தயவுசெஞ்சு அதைச் செய்யாதீங்க.

எஸ்.எம்.பி.எஸ், அதாவது பி.சியோட பவர் சப்ளை, அதோட வேலை என்ன? வீட்டுக்கு வர்ற 230 வோல்ட் ஏ.சியை 12, 5, 3.3 வோல்ட் டி.சியா மாத்துறது. அவ்வளவுதான், விஷயத்துக்கு வருவோம்.

[திரையில்: லேபிள், குளோஸ்-அப்]

பெட்டி முன்னாடி பெருசா இருக்கிற வாட்டை விடுங்க. பக்கவாட்டு லேபிள்ல +12 வோல்ட்டுக்குக் கீழ எத்தனை ஆம்பியர்னு பாருங்க. அதை 12ஆல பெருக்குங்க. அதுதான் நிஜ பலம்!

ஏன் 12? பழைய கம்ப்யூட்டர்கள்ல ப்ராசஸர் 5 வோல்ட், 3.3 வோல்ட் லைன்ல இருந்து கரண்ட் எடுத்துச்சு. 2000ல, பென்டியம் 4 வந்த சமயத்துல, ப்ராசஸருக்குன்னே தனியா 12 வோல்ட் கனெக்டர் வந்துடுச்சு. இன்னைக்கு ப்ராசஸர், கிராஃபிக்ஸ் கார்டு ரெண்டுமே முக்கியமா 12 வோல்ட்டைத்தான் நம்பியிருக்கு. ஆனா மலிவான சில எஸ்.எம்.பி.எஸ் இன்னும் பழைய கணக்கிலேயே ஓடுது.

450 வாட்னு போட்ட பெட்டி, லேபிள்ல 12 வோல்ட்டுக்கு 16 ஆம்பியர்னு வெச்சுக்குவோம். 16 பெருக்கல் 12, வெறும் 192 வாட்! மிச்சமெல்லாம் உங்க பி.சி அதிகம் தொடாத லைன்ல கிடக்கு.

இப்போ ஆர்.டி.எக்ஸ் 4060 போடுங்க, 115 வாட். ரைசன் 5 7600 முழு வேகத்துல 88 வாட் வரைக்கும் இழுக்கும். கூட்டினா 203. ஃபேன், எஸ்.எஸ்.டி எதையும் இன்னும் சேர்க்கவே இல்ல, அதுக்குள்ள 192ஐத் தாண்டியாச்சு! கேம் நடுவுல பி.சி பட்டுனு ஆஃப் ஆகுதுன்னா, விண்டோஸை மறுபடி இன்ஸ்டால் பண்றதுக்கு முன்னாடி இந்த லேபிளைப் பாருங்க. நல்ல 550 வாட் எஸ்.எம்.பி.எஸ்ல 12 வோல்ட்டுக்கே 45 ஆம்பியர், அதாவது 540 வாட் இருக்கும். இந்த பில்டுக்கு அது தாராளம். 850 வாட் வாங்கி காசைக் கொட்ட வேணாம்.

[திரையில்: 80 ப்ளஸ் முத்திரைகள்]

80 ப்ளஸ்ங்கிறது எஸ்.எம்.பி.எஸ்ஸோட திறனுக்குக் குடுக்கிற முத்திரை. அப்படின்னா 500 வாட்ல 400தான் கிடைக்கும்னு நிறையப் பேர் நினைக்கிறாங்க. இல்லங்க! 80 சதவீதத் திறன்னா, பி.சிக்கு 400 வாட் குடுக்க, சுவர் ப்ளக்ல இருந்து 500 வாட் இழுக்கும். மீதி 100 வாட் சூடாப் போயிடும். இந்த முத்திரையில ப்ரான்ஸ், அதுக்கு மேல கோல்டுன்னு தரம் இருக்கு. என்னைக் கேட்டா ப்ரான்ஸ் போதும். கோல்டுக்குக் குடுக்கிற காசுக்கு வாரன்டி கூடுதல் வருஷம் இருக்கான்னு பாருங்க.

பெரிய கிராஃபிக்ஸ் கார்டு வாங்குறவங்க ஏ.டி.எக்ஸ் 3.0 இல்லன்னா 3.1னு போட்ட எஸ்.எம்.பி.எஸ்ஸா எடுங்க. கார்டு கண் இமைக்கிறதுக்குள்ள எகிறி இழுக்கிற கரண்டைத் தாங்குறதுக்கு எழுதின விதி அது.

[திரையில்: ரெண்டு மாடுலர் கேபிள்]

ஒண்ணு மட்டும் மறக்காதீங்க. பழைய எஸ்.எம்.பி.எஸ்ஸோட மாடுலர் கேபிளை, அதாவது தனியா கழட்டி மாட்டுற கேபிளை, புதுசுல சொருகவே சொருகாதீங்க. கனெக்டர் கச்சிதமா உட்காரும், ஆனா எஸ்.எம்.பி.எஸ் பக்கத்துல எந்தப் பின்ல எந்த வோல்ட்னு பொது விதியே கிடையாது. 5 வோல்ட் வர வேண்டிய இடத்துல 12 வந்தா, எஸ்.எஸ்.டியோட உங்க குடும்ப போட்டோவும் போயிடும்.

இப்பவே பி.சியை ஷட்டவுன் பண்ணி, ப்ளக்கைக் கழட்டி, கேபினட்டைத் திறந்து பாருங்க. உங்க லேபிள்ல 12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர்? கார்டு பேரையும் சேர்த்து கமெண்ட்ல போடுங்க. தாங்குமா தாங்காதான்னு கணக்குப் போட்டுப் பதில் சொல்றேன்.