“எனக்குப் பழகிவிட்டது”

நேயர்களுக்கு வணக்கம்.

“டாக்டர், நான் ஐந்து மணி நேரம்தான் தூங்குகிறேன். எனக்கு அது பழகிவிட்டது.” நோய்நொடி இல்லாத, திடகாத்திரமான மனிதர்கள் என் எதிரே அமர்ந்து இப்படிச் சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமையும் இருக்கும். அந்தப் பெருமைதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. தூக்கக் குறைவு உண்மையிலேயே பழகிப்போகுமா?

2003-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்து வெளியிட்டார்கள். ஆரோக்கியமான 48 பேரைக் குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு இரவில் 8 மணி நேரம் படுக்கை, அடுத்ததற்கு 6, இன்னொன்றுக்கு 4. இப்படி 14 நாள். நான்காவது குழு மூன்று நாள் தூங்கவே இல்லை. சோதனை மிக எளிது: திரையில் எண் தோன்றியதும் பொத்தானை அழுத்த வேண்டும். 6 மணி நேரமும் அதற்குக் குறைவாகவும் படுத்தவர்கள் நாளுக்கு நாள் தடுமாறினார்கள். இரண்டு வாரம் முடிவதற்குள், ஓரிரண்டு இரவுகள் முழுக்கக் கண் விழித்தவர்களின் நிலைக்கே வந்துவிட்டார்கள்.

“தூக்கம் வருகிறதா?” என்று அவர்களிடமே கேட்டதற்கு வந்த பதில்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. முதல் சில நாட்கள் “ஆமாம், வருகிறது” என்றார்கள். பிறகு அந்த உணர்வு பெரிதாகக் கூடவில்லை. திறன் சரிந்துகொண்டே போனது. சரிவது அவர்களுக்குத் தெரியவில்லை. ஆக, பழகிப்போனது சோர்வின் உணர்வு மட்டும்தான்.

இதை நானே பட்டுத் தெரிந்துகொண்டேன். பயிற்சி மருத்துவராக இருந்த காலத்தில், ஏறக்குறைய முப்பது மணி நேரப் பணியின் கடைசியில் ஒரு நோயாளியின் குறிப்பை எழுதினேன். காலையில் மூத்த செவிலியர் அந்தத் தாளைக் கொண்டுவந்து, “இது என்ன டாக்டர்?” என்றார். எழுத்து கோட்டை விட்டுச் சறுக்கிக் கீழே இறங்கி, வெறும் கீறலாய் முடிந்திருந்தது. அதற்கடியில் அதே வாக்கியம் மறுபடி, தெளிவாக. நடுவே கண் அயர்ந்ததே எனக்குத் தெரியவில்லை. இரவு முழுக்க விழித்திருந்தேன் என்று சத்தியமே செய்திருப்பேன்.

அதற்கு நொடித் தூக்கம் என்று பெயர். கண் திறந்திருக்கும்போதே மூளை சில நொடிகள் உறங்கிவிடும். 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஓட்டுபவருக்கு அது மூன்று நொடி நேர்ந்தால், வண்டி 50 மீட்டர் தானாக ஓடியிருக்கும். 1997-இல் வெளியான ஆய்வொன்று, தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் தடுமாற்றம், இரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவரின் தடுமாற்றத்துக்கு ஈடானது என்று காட்டியது. குடித்தவரிடமிருந்து சாவியைப் பிடுங்கி வைக்கிறோம். தூங்காதவரிடம் “பத்திரமாகப் போய் வா” என்கிறோம். இந்த வேறுபாட்டை என்னால் ஏற்க முடியவில்லை.

மனநிலையையும் சொல்ல வேண்டும். அச்சத்தையும் கோபத்தையும் எழுப்பும் அமிக்டலா என்ற பகுதி மூளையின் ஆழத்தில் இருக்கிறது. அதை அடக்கி வைக்க வேண்டியது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளையின் முன்பகுதி. ஓர் இரவு தூங்காவிட்டாலே இவ்விரண்டுக்கும் இடையிலான பிடி தளர்ந்துவிடுவதை மூளைப் படங்கள் காட்டியிருக்கின்றன. சின்னச் சொல்லுக்கும் சுள்ளென்று எரிந்து விழுவது அதனால்தான்.

உடம்பும் தப்புவதில்லை. 1999-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான இளைஞர்கள் 11 பேரை ஆறு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டும் படுக்க விட்டார்கள். அவர்கள் உடம்பு சர்க்கரையைக் கையாளும் வேகம் வெகுவாகக் குறைந்தது. ஆறே இரவுகள்! பசியைத் தூண்டும் ஹார்மோன் கூடுவதும், ‘போதும்’ என்று சொல்லும் ஹார்மோன் குறைவதும் பின்னர் தெரியவந்தன. சளிக் கிருமியை மூக்கில் செலுத்திப் பார்த்த ஆய்வுகளில், குறைவாகத் தூங்கியவர்களுக்கே சளி அதிகம் பிடித்தது.

காபி இருக்கிறதே என்பீர்கள். விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வந்து தூக்கத்தை வரவழைக்கிறது. காபியிலுள்ள கஃபீன், அது போய் ஒட்டும் இடத்தை அடைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். சேர்ந்த அடினோசின் அங்கேயே காத்திருக்கும்.

பெரியவர்களுக்கு இரவில் ஏழு மணி நேரமாவது தூக்கம் வேண்டும். ஆனால் “போதுமான அளவு தூங்குகிறீர்களா?” என்று நான் இப்போதெல்லாம் கேட்பதில்லை, வரும் பதிலை நம்ப முடியாது. “விடுமுறை நாளில், யாரும் எழுப்பாவிட்டால் எத்தனை மணிக்கு எழுவீர்கள்?” என்று கேட்கிறேன். வழக்கத்தைவிட இரண்டு மூன்று மணி நேரம் தள்ளிப்போனால், மற்ற நாட்களில் தூக்கம் போதவில்லை என்று பொருள். அடுத்து, “சமீபமாக உங்களுக்குக் கோபம் அதிகமாக வருகிறதா?” என்பேன். பலர் உடனே பதில் சொல்வதில்லை. உடன் வந்தவரைத் திரும்பிப் பார்ப்பார்கள். பெரும்பாலும் அவர்தான் பேசத் தொடங்குவார்.

நன்றி, வணக்கம்.