கல்சுவரில் ஒரு கடவு

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

எங்கள் கொங்குப் பக்கத்தில் தோட்டத்தைச் சுற்றிக் கிளுவை வேலி இருக்கும். அந்த வேலியில் ஆள் மட்டும் நுழைகிற மாதிரி ஒரு சந்து விட்டிருப்பார்கள். கடவு என்போம். மாடு போகாது, மனிதர் ஒருக்களித்துப் போய்விடலாம். பல வருடமாக என் வாயில் வராமலே இருந்த சொல் அது. அதை எனக்கு மறுபடி நினைவுபடுத்தியது வடக்கு இங்கிலாந்தில் மாலம் என்ற ஒரு சின்னக் கிராமம்.

வேலை நிமித்தமாக நான் லீட்ஸ் நகரத்தில் 11 ஆண்டுகள் இருந்தேன். அங்கிருந்து ரயிலில் ஸ்கிப்டன் போய், பேருந்து மாறினால் மாலம். யார்க்‌ஷர் டேல்ஸ் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிற ஊர். தேசியப் பூங்கா என்றதும் முதுமலை மாதிரி ஒரு காட்டை நினைத்துவிடாதீர்கள். அங்கே அதற்கு அர்த்தம் வேறு. 1954இல் பூங்காவாக அறிவித்த இந்த நிலப்பரப்புக்குள் ஊர்கள் இருக்கின்றன, பள்ளிக்கூடம் இருக்கிறது, ஆட்டுப்பட்டி இருக்கிறது. நிலம் பெரும்பாலும் தனியாருடையது. டேல் என்றால் பள்ளத்தாக்கு. ஒவ்வொரு பள்ளத்தாக்கின் இரண்டு சரிவிலும் உச்சிவரைக்கும் கல்சுவர்கள் கோடு கிழித்த மாதிரி ஏறிப் போகும்.

அந்தச் சுவர்களில் சாந்து கிடையாது. இரண்டு பக்கமும் கல்லை அடுக்கி, மேலே போகப் போகக் குறுக்கி, நடுவில் பொடிக்கல்லை நிரப்பி, இடையிடையே இரண்டு பக்கத்தையும் பிடித்து நிறுத்துகிற மாதிரி ஒரு நீளக் கல்லைக் குறுக்கே வைப்பார்கள். அவ்வளவுதான். இப்படியான சுவர் இந்தப் பூங்காவுக்குள் மட்டும் 8,000 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. பார்க்க அழகு. ஆனால் அந்த அழகுக்குப் பின்னால் ஒரு வருத்தமான கதை உண்டு. இவற்றில் பெரும்பகுதி 18, 19ஆம் நூற்றாண்டுகளில் கட்டியவை. அதுவரை ஊருக்குப் பொதுவாக இருந்த மேய்ச்சல் நிலங்களைச் சட்டம் போட்டுப் பிரித்து, தனியார் பெயருக்கு எழுதி, சுவர் எழுப்பினார்கள். ஒரு மாடு, நாலு ஆடு வைத்துப் பிழைத்த ஏழைகளுக்கு மேய்க்க இடம் இல்லாமல் போனது.

ஆனால் நிலத்தை அடைத்தாலும் பாதையை அடைக்க முடியவில்லை. சந்தைக்குப் போன பாதை, தேவாலயத்துக்குப் போன பாதை, சுரங்க வேலைக்குப் போன பாதை, எல்லாம் சுவருக்கு முன்பே இருந்தவை. அதனால் சுவர் பாதையைச் சந்திக்கிற இடத்தில் கடவு விட்டார்கள். இரண்டு பட்டைக் கல்லைச் செங்குத்தாக நட்டிருப்பார்கள். நடுவில் ஒரு முழங்கால் நுழைகிற இடைவெளி, மேலே போகப் போகக் கொஞ்சம் அகலம். முதுகில் பை இருந்தால் கழற்றித்தான் போக வேண்டும். அந்தக் கல்லின் உட்புறத்தைத் தொட்டுப் பாருங்கள். ஆட்டுரோமத்தின் எண்ணெயும் ஆட்களின் துணியும் தேய்த்துத் தேய்த்து, அம்மிக்கல் மாதிரி வழவழவென்று இருக்கும்.

முதல் முறை போனபோது எனக்கு நுழையத் தைரியம் வரவில்லை. பலகையில் பப்ளிக் ஃபுட்பாத் என்று எழுதி மஞ்சள் அம்பு போட்டிருந்தது. ஆனால் அம்பு காட்டிய திசையில் யாரோ ஒருவருடைய வயல், நிறைய ஆடு. அடுத்தவர் தோட்டத்துக்குள் கேட்காமல் போவதா என்று நின்றுகொண்டே இருந்தேன். நாலு சக்கர பைக்கில் ஒரு வயதான விவசாயி வந்தார். சண்டை வரும் என்று நினைத்தேன். அவர் சொன்னது இதுதான்: “பாதை அந்தச் சுவரோரமா போகுது, லவ். கேட்டை மட்டும் சாத்திட்டுப் போ.” யார்க்‌ஷர்க்காரர்கள் முன்பின் தெரியாதவரையும் லவ் என்றுதான் கூப்பிடுவார்கள். நம் பக்கம் கண்ணு என்கிறோமே, அதே மாதிரி.

அவர் எனக்கு அனுமதி கொடுக்கவில்லை என்பதைப் பிறகுதான் புரிந்துகொண்டேன். கொடுக்க வேண்டிய அவசியமே அவருக்கு இல்லை. அந்தப் பாதையில் நடப்பது சட்டப்படி என் உரிமை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து இப்படிப் பதிவான பொதுப்பாதைகள் ஏறத்தாழ 2,25,000 கிலோமீட்டர். வயலின் குறுக்கே பாதை போனால், உழுத 14 நாளுக்குள் அதை மறுபடி நடக்கிற மாதிரி ஆக்கிக் கொடுக்க வேண்டியது விவசாயியின் கடமை. அதைவிட எனக்குப் பிடித்த விதி இன்னொன்று. ஒரு வழியை மக்கள் யாரும் தடுக்காமல், யாரிடமும் கேட்காமல், 20 ஆண்டு தொடர்ந்து நடந்து பயன்படுத்தினால், அதைப் பொதுப்பாதையாகப் பதிவு செய்யக் கோரலாம். நடந்து நடந்தே பாதை ஆகிறது என்று நம் ஊரில் சொல்வதை அங்கே சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள்.

சரி, மாலத்துக்கு வருகிறேன். மே மாதம் போனால் ஓடையோரமாக நடக்கும்போது முதலில் வருவது வாசனை. காட்டுப் பூண்டு. மரத்தடி முழுக்க வெள்ளைப் பூவாக விரித்துக் கிடக்கும். அதைத் தாண்டினால் ஜேனட்ஸ் ஃபாஸ் என்ற சின்ன அருவி. அதன் பின்னால் ஒரு தேவதை ராணி குடியிருப்பதாகக் கதை. அருவிக்கு முன்னால் இருக்கிற குட்டையில்தான் ஒரு காலத்தில் ரோமம் கத்தரிப்பதற்கு முன்பு ஆடுகளைக் கழுவுவார்களாம். அப்புறம் கோர்டேல் ஸ்கார் என்ற மலையிடுக்கு. இரண்டு பக்கமும் பாறை தலைக்கு மேலே சாய்ந்து நிற்கும்.

இந்தப் பாறை எல்லாமே சுண்ணாம்புக்கல். 30 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால், இந்த நிலம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில், ஆழமில்லாத ஒரு வெப்பக் கடலுக்கு அடியில் கிடந்தது. அந்தக் கடல் உயிர்களின் ஓடும் எலும்பும்தான் இன்றைக்குப் பாறை. குளிரில் கையுறை போட்டுக்கொண்டு அந்தக் கல்லைத் தொடும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

சுண்ணாம்புக்கல் நாட்டில் தண்ணீர் தரைக்கு மேலே நிற்காது. மாலம் டார்ன் என்ற ஏரி மட்டும் நிற்கிறது, அதன் அடியில் தண்ணீர் இறங்காத வேறு பாறை இருப்பதால். ஏரியிலிருந்து கிளம்பும் ஓடை கொஞ்ச தூரம்தான் ஓடும். பிறகு கூழாங்கல்லுக்கு நடுவே, நம் கண் முன்னாலேயே, மண்ணுக்குள் போய்விடும். சத்தம்கூடக் கிடையாது. கீழே மாலம் கோவ் என்ற செங்குத்துப் பாறையின் அடியிலிருந்து ஓர் ஓடை வருகிறது. அது இந்தத் தண்ணீர்தான் என்று யாரும் நினைப்பார்கள். சாயம் கலந்து பார்த்தார்கள். அது வேறு தண்ணீர். ஏரித் தண்ணீர் அந்த ஓடைக்கும் அடியில் கடந்துபோய், ஊருக்குத் தெற்கே ஏர் ஹெட் என்ற இடத்தில் ஊற்றாக வருகிறது.

கோவின் உச்சியில் பெரிய பெரிய கற்பலகைகள் பாவிய மாதிரி ஒரு தரை. பலகைக்குப் பலகை நடுவில் ஆழமான வெடிப்பு. மழைத்தண்ணீர் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கரைத்த வெடிப்பு அது. அவசரமாகக் கடந்து போகாதீர்கள். குப்புறப் படுத்து உள்ளே பாருங்கள். நான் செல்போன் விளக்கைப் போட்டுப் பார்த்தேன். கீழே நாக்கு மாதிரி நீண்ட பளபளப்பான இலைகளோடு ஒரு பெரணி. அதற்குக் கீழே ஈரப் பாசி. குளிர்ந்த காற்று முகத்தில் வந்தது. அடர்ந்த காட்டின் நிழலில் வளர வேண்டிய செடிகள் அவை. மேலே ஓர் அங்குலம் எட்டிப் பார்த்தாலும் ஆடு மேய்ந்துவிடும். அந்த வாய்க்கு எட்டாத ஆழத்தில் ஒரு காடு தப்பிப் பிழைத்திருக்கிறது.

கோவ் கிட்டத்தட்ட 80 மீட்டர் உயரம். பனியுகம் முடிந்தபோது உருகிய தண்ணீர் அருவியாக விழுந்து செதுக்கிய பாறை, இன்றைக்குக் காய்ந்து கிடக்கிறது. 2015 டிசம்பர் 6, பெரும்புயல் அடித்த மறுநாள், ஒரு சில மணி நேரம் மறுபடி அருவி விழுந்தது. நான் பார்க்கவில்லை. அந்தப் படத்தை ஊர்க்காரர்கள் பெருமையாகக் காட்டுவார்கள். பாறை இடுக்கில் பொரி வல்லூறு கூடு வைக்கிறது. பூச்சிமருந்து அதன் முட்டை ஓட்டை மெலியவைத்து, 1960களில் பிரிட்டனில் அழிவின் விளிம்புக்குப் போன பறவை. டிடிடி போன்றவற்றை நிறுத்திய பிறகு மீண்டு வந்திருக்கிறது.

கர்லூ என்ற பறவைக்கு அந்த அதிர்ஷ்டம் இன்னும் வரவில்லை. கீழ்நோக்கி வளைந்த, நம் கையளவு நீளமான அலகு. வசந்தத்தில் புல்வெளிக்கு மேலே மிதந்துகொண்டே கூவும். தயங்கித் தயங்கித் தொடங்கி, குமிழி உடைவது மாதிரி படபடவென்று முடியும். உலகத்தில் குஞ்சு பொரிக்கிற கர்லூக்களில் கால்வாசி பிரிட்டனில்தான். அங்கே 1990களின் நடுவிலிருந்து ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிட்டது. தரையில் முட்டையிடும் பறவை. புல்லைச் சீக்கிரம் அறுத்தால் கூடு போச்சு, ஓடிவருகிற நாய் ஒன்று போதும் தாயை விரட்ட. அதனால்தான் திறந்த மேட்டுநிலங்களில் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை நாயைக் கயிற்றில் பிடித்துத்தான் போக வேண்டும் என்று சட்டம். இதே இனப் பறவை குளிர்காலத்தில் நம் கோடியக்கரைக்கும் வருகிறது. வருவது சைபீரியப் பக்கத்துக் கூட்டம். கோடியக்கரைச் சேற்றில் அதன் அலகைப் பார்த்திருக்கிறேன். அந்த முழுக் கூவலை மாலத்துக்கு மேலேதான் கேட்டேன்.

மாலம் வழியாகப் போகிற பென்னைன் வே என்ற நெடும்பாதையைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. 431 கிலோமீட்டர். அது தொடங்குவது ஈடேல் ஊரில், கிண்டர் ஸ்கௌட் மேட்டின் அடிவாரத்தில். அந்த மேட்டை ஒரு காலத்தில் பணக்காரர்கள் பறவை வேட்டைக்கென்று பூட்டி வைத்திருந்தார்கள். 1932 ஏப்ரல் 24, ஞாயிற்றுக்கிழமை. மான்செஸ்டர், ஷெஃபீல்ட் ஆலைத் தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில் வேண்டுமென்றே அத்துமீறி அதில் ஏறினார்கள். முன்னால் நின்ற பென்னி ராத்மனுக்கு வயது 20. ஐந்து பேரைச் சிறையில் போட்டார்கள். வாரம் முழுக்க ஆலைப் புகைக்குள் கிடந்தவர்கள் கேட்டது ஒரு நாள் நடப்பதற்கு இடம். 1949இல் பாதைகளைப் பதிவு செய்யும் சட்டம் வந்தது. 1965இல் பென்னைன் வே திறந்தார்கள். விழா நடந்தது மாலம் மேட்டில். தேதி அதே ஏப்ரல் 24.

இத்தனைக்குப் பிறகும் இங்கிலாந்தில் பாதையை விட்டு விலகி விருப்பம்போல் நடக்கிற உரிமை இருப்பது நாட்டின் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நிலத்தில்தான். அது இன்னும் கூட வேண்டும் என்று கேட்பவர்களோடு நானும் சேர்ந்துகொள்கிறேன்.

சாயங்காலம் பேருந்துக்கு நேரம் இருந்தால் ஏர் ஹெட் ஊற்றுவரை நடப்பேன். புல்வெளியில் ஒன்றிரண்டு இடத்தில் தண்ணீர் அமைதியாகப் பொங்கிக்கொண்டிருக்கும். காலையில் மேலே மண்ணுக்குள் போகப் பார்த்த அதே ஓடையின் தண்ணீர். ஏர் என்ற ஆறாகி, கீழே லீட்ஸில் நான் வேலைக்குப் போகக் கடந்த பாலத்துக்கு அடியில் போகிறது. கையை நனைத்துக்கொண்டு, கடவில் ஒருக்களித்து வெளியே வந்தால் சாலை.

வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.