பர்கண்டியில் பீப்பாய் ஒயின்: சின்ன விவசாயியிடம் வாங்கப் போகும் முன்

[காட்சி: கோட் தோர் மலைச்சரிவு. கிழக்கு பார்த்த திராட்சை வரிசைகள், நடுவே கல் சுவர்கள்.]

பிரான்ஸ்ல இருக்கற பர்கண்டியில ஒரு சின்ன திராட்சை விவசாயியோட நிலவறைக்குப் போனா, உங்க கிளாஸ்ல விழறது பாதி வழியில நிக்கற ஒயின். அது எந்தக் கட்டத்துல இருக்குன்னு தெரியாம மார்க் போட்டா, நல்ல ஒயினை விட்டுட்டு வருவீங்க, இல்லன்னா கெட்டுப்போன ஒயினை வாங்கிட்டு வருவீங்க. வாங்கற வேலைக்குப் போறவங்களுக்காக இந்த வீடியோ.

[காட்சி: ஒரு துண்டு நிலத்தின் வரைபடம்]

கிளம்பறதுக்கு முன்னாடி கொஞ்சம் கணக்கு. 1804-ல வந்த நெப்போலியன் சட்டத் தொகுப்பு, சொத்தைப் பிள்ளைகளுக்குச் சமமாப் பிரிக்கச் சொன்னது. தலைமுறைக்குத் தலைமுறை நிலம் துண்டு துண்டாச்சு. க்ளோ த வூஜோ ஒரே மதிலுக்குள்ள இருக்கற சுமார் 50 ஹெக்டேர் தோட்டம். அதுக்கு சுமார் 80 உரிமையாளர்கள் இருக்காங்க. அங்க நிலத்தை இப்பவும் ‘ஊவ்ரே’ கணக்குல பேசுவாங்க. ஒரு ஊவ்ரேன்னா சுமார் 428 சதுர மீட்டர், நம்ம ஊர்ப் பேச்சுல பத்தரை சென்ட்.

ஒருத்தர்கிட்ட ஒரு கிராமத்துப் பேர்ல விக்கற ஒயினுக்கு கால் ஹெக்டேர் இருக்கு, விளைச்சல் ஹெக்டேருக்கு 40 ஹெக்டோலிட்டர்னு வச்சுக்குவோம். 1,000 லிட்டர் வரும். பர்கண்டி பீப்பாய் 228 லிட்டர் பிடிக்கும், அதனால நாலு பீப்பாயும் கொஞ்சமும். ஒரு பீப்பாய்க்கு 750 மில்லி பாட்டில் 304 வரணும். அடி மண்டியும் ஆவியாகறதும் போக 300-க்கு உள்ளதான் கிடைக்கும். ஆக, உலகம் முழுக்க எல்லா வாடிக்கையாளருக்கும் சேர்த்து சுமார் 1,200 பாட்டில். அங்க போய் ‘எனக்கு 60 கேஸ் வேணும்’னா, 720 பாட்டில், பாதிக்கு மேல கேக்கறீங்க. அந்த வார்த்தையிலயே உங்களுக்குத் தொழில் புதுசுன்னு அவருக்குத் தெரிஞ்சுடும்.

வருஷத்தையும் பாத்துக்கோங்க. 2021 ஏப்ரல்ல விழுந்த உறைபனி துளிரைக் கருக்கிட்டுப் போச்சு. வெள்ளை ஒயினுக்கான ஷார்டொனே திராட்சை சீக்கிரம் துளிர்க்கும், அதனால அதுக்குத்தான் பெரிய அடி. அந்த மாதிரி வருஷத்துல பழைய வாடிக்கையாளருக்கே பங்கு குறையும். புது ஆள் கேக்கறதே சங்கடம்.

[காட்சி: நாட்காட்டி]

அறுவடை நேரத்துல, அதாவது ஆகஸ்ட் கடைசியும் செப்டம்பரும், போகவே வேண்டாம். நவம்பர் மூணாவது ஞாயிறு போன் (Beaune) நகரத்துல ஓஸ்பீஸ் ஏலம், அதாவது தர்ம ஆஸ்பத்திரிக்கான ஒயின் ஏலம் நடக்கும். ஒயின் உலகமே அங்க கூடும். ஆனா அந்த வருஷ ஒயினுக்கு அப்போ ரெண்டு மாச வயசுதான். நிதானமாப் பேச ஜனவரியிலேர்ந்து மார்ச் வரைக்கும் நல்லது. கிளை கழிக்கற காலம் அது. விவசாயி பகல் முழுக்கத் தோட்டத்துல இருப்பார். சில வாரம் முன்னாடியே எழுதி நேரம் வாங்குங்க. பகல் 12-லேர்ந்து 2 வரைக்கும் சாப்பாட்டு நேரம், அதுல கை வைக்காதீங்க. சென்ட் போட்டுட்டுப் போகாதீங்க. சின்ன நிலவறையில அந்த வாசனைதான் எல்லார் மூக்குலயும் நிக்கும்.

[காட்சி: நிலவறை. பீப்பாய் மேல் கை.]

இப்போ சுவைக்கறது. விவசாயி பீப்பாய் மேல இருக்கற அடைப்பானைத் தட்டி எடுப்பார். கண்ணாடிக் குழாயை உள்ள இறக்கி, மேல் முனையைக் கட்டைவிரலால மூடித் தூக்குவார். உங்க கிளாஸுக்கு மேல விரலைத் தளர்த்தினா ரெண்டு மடக்கு விழும். துப்பறதுக்கு எங்கன்னு கேளுங்க. சில இடத்துல வாளி, சில இடத்துல சரளைத் தரையே போதும். கிளாஸ்ல மிஞ்சினதை அவசரப்பட்டுக் கொட்டிடாதீங்க. பல பேர் அதைத் திரும்ப பீப்பாய்க்குள்ளயே ஊத்துவாங்க. பீப்பாய் குறையக் குறைய காத்து உள்ள வரும், காத்து வந்தா ஒயின் கெடும்.

பெரும்பாலும் சிவப்பு முதல்ல வரும், வெள்ளை கடைசியில. சிவப்போட துவர்ப்பு நாக்குல ஏறின பிறகு வெள்ளையோட புளிப்பு அதைக் கழுவிவிடும்.

[காட்சி: கிளாஸ் நெருக்கத்தில். ஓரத்தில் நுண்குமிழ்கள்.]

முதல் மடக்குல நாக்குல சுருக்சுருக்னு குத்தினா, கலங்கலா இருந்தா, ‘மாலோ முடிஞ்சதா?’ன்னு கேளுங்க. பாக்டீரியா மாலிக் அமிலத்தை லாக்டிக் அமிலமா மாத்தற வேலை அது. தயிர்ல இருக்கறதும் இதே லாக்டிக் அமிலம்தான். மாத்தும்போது கரியமில வாயு வெளிய வரும், குத்தறது அதுதான். நிலவறை குளிரா இருந்தா வசந்த காலம் வரைக்கும், சில வருஷம் அதுக்கு மேலயும் இழுக்கும். மாலோ நடக்கும்போது ஒயினை எடைபோடவே முடியாது. அப்போ பழத்தோட அடர்த்தியையும், துப்பின பிறகு சுவை எவ்வளவு நேரம் நாக்குல நிக்குதுங்கறதையும் மட்டும் குறிச்சுக்கோங்க, மணத்தை விட்டுடுங்க.

தீக்குச்சி வாடை, லேசா அழுகின முட்டை வாடை வந்தா பயப்படாதீங்க. அடி மண்டியோட ரொம்ப நாள் இருந்த ஒயினுக்கு ஆக்சிஜன் பத்தாம வர்றது. கிளாஸை நல்லாச் சுழற்றுங்க. போகலன்னா, நல்லாக் கழுவின ஒரு செப்பு நாணயத்தைக் கிளாஸ்ல போட்டுப் பாருங்க. ஹைட்ரஜன் சல்ஃபைடை செம்பு பிடிச்சுக்கும். அதுலயே வாடை போச்சுன்னா, ஒரு தடவை பீப்பாய் மாத்தினாலே சரியாப் போக வாய்ப்பு உண்டு.

சரியாகாத வாடைகள் வேற. நெயில் பாலிஷ் ரிமூவர் மாதிரி வந்தா எதைல் அசிடேட். குதிரை வியர்வை, மருந்துப் பிளாஸ்திரி மாதிரி வந்தா பிரெட்டனோமைசஸ் ஈஸ்ட். மரத்துக்குள்ள குடியேறிடும், பக்கத்துப் பீப்பாய்க்கும் போகும். இன்னொண்ணு ஏமாத்தும்: எலி வாடை. மூக்குக்கு அது தெரியாது. எச்சில் பட்டு அமிலத்தன்மை குறைஞ்ச பிறகுதான் வெளிய வரும். அதனால துப்பின பிறகு அரை நிமிஷம் பொறுங்க. ஒயின் கெடாம இருக்கப் போடற கந்தகத்தை ரொம்பக் குறைவாப் போட்ட ஒயின்ல இதை மறக்கவே கூடாது.

இதைவிட அதிகமா ஆளுங்க தப்பு பண்ற இடம் ஒண்ணு இருக்கு: ஒரே பீப்பாயைச் சுவைச்சுட்டு முடிவெடுக்கறது. நாலு பீப்பாய்ல ஒண்ணு புது ஓக் மரத்துல செஞ்சதுன்னா, அதுல வெனிலாவும் வறுத்த வாசமும் தூக்கலா இருக்கும்; பழைய மூணுல பழம் மட்டும்தான் தெரியும். பாட்டில்ல வரப்போறது நாலும் சேர்ந்த கலவை. ‘புதுசு எத்தனை, பழசு எத்தனை?’ன்னு கேட்டு, ரெண்டுலயும் சுவைங்க. அதே விகிதத்துல கிளாஸ்ல கலந்து தரச் சொல்லலாம். யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க, கேட்டா மரியாதைதான் கூடும்.

[காட்சி: அட்டைப்பெட்டிகள், பாலெட்]

பேரம் பேசறதுக்கு இங்க பெருசா இடமில்ல. முதல் வருஷம் சாதாரண ‘பூர்கோஞ்’ ஒயின்தான், அதாவது பர்கண்டிங்கற பொதுப் பேர்ல வர்றதுதான் தருவாங்க, மேல் தரத்துல ஒரு கேஸ் கிடைச்சா அதிர்ஷ்டம். அதை வாங்குங்க, பணத்தை நாள் தவறாம அனுப்புங்க, சுமாரான வருஷத்துலயும் வாங்குங்க. பங்கு வளர்றது அப்படித்தான். அவங்க சொல்ற விலை நிலவறை வாசல் விலை. வண்டி, வரி, காப்பீடு எல்லாம் உங்க தலையில. ஒரு ஆள்கிட்ட எடுக்கறதுல ஒரு பாலெட், அதாவது பெட்டி அடுக்கற மரத்தட்டு நிறையாது, அதனால அஞ்சாறு பேர்கிட்ட எடுக்கறதை ஒரே இடத்துல சேர்த்து அனுப்பற சரக்கு நிறுவனத்தை முன்னாடியே பிடிச்சு வைங்க.

வெயில் காலத்துல குளிர்சாதனக் கன்டெய்னர் இல்லாம அனுப்பவே அனுப்பாதீங்க. சூடேறினா ஒயின் விரிஞ்சு கார்க்கைத் தள்ளும். சரக்கு வந்ததும் சில பாட்டிலை எடுத்து மூடி உறையை விரலால சுத்திப் பாருங்க. ஒட்டிக்கிட்டு சுத்தலன்னா, பிசுபிசுன்னு இருந்தா, கசிஞ்சிருக்கலாம். உடனே படம் எடுத்து, ரசீதுலயே எழுதிக் கையெழுத்து போடுங்க. கசிவு இல்லன்னாலும் அன்னைக்கே திறந்து வாடிக்கையாளருக்கு ஊத்தாதீங்க. குலுங்கி வந்த ஒயின் சில வாரம் படுத்துக் கிடக்கட்டும்.