போனைப் பறித்தால் நித்திரை வந்துவிடுமா?

வணக்கம் உறவுகளே. இன்றைக்கு ஊர் சுற்றுகிற வீடியோ இல்லை. இரணைமடு அணைக்கட்டில் நின்று கதைக்கிறேன், காற்று கொஞ்சம் கூட, பொறுத்துக்கொள்ளுங்கள்.

விசுவமடுப் பக்கம் ஒரு அம்மா என்னை மறித்துக் கேட்டார். "தம்பி, இவன் விடிய விடிய கேம் விளையாடுகிறான். போனை அடித்து உடைத்தால் திருந்துவானா?" உடைக்க வேண்டாம் அம்மா என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை இன்றைக்கு உங்கள் எல்லோருக்கும் விளங்கப்படுத்துகிறேன்.

நிறைய விளையாடுகிற எல்லோரும் அடிமை இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11, 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதில் சூதாட்டக் கோளாறோடு கேம் விளையாட்டுக் கோளாறும் இருக்கிறது. ஆனால் மருத்துவர்கள் அதை மணிக்கணக்கை வைத்து முடிவு செய்வதில்லை. நிறுத்த நினைத்தாலும் முடியவில்லை, படிப்பு, சாப்பாடு, கூட்டாளிகள் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு விளையாட்டே முன்னுக்கு நிற்கிறது, கெடுதல் வந்த பிறகும் விட முடியவில்லை. இதெல்லாம் சேர்ந்து பொதுவாக ஒரு வருடமாவது நீடித்தால்தான் அந்தப் பெயரைச் சொல்வார்கள். டிக்டொக், பேஸ்புக் பார்ப்பது அந்தப் பட்டியலில் தனி நோயாக இல்லை. பரீட்சை முடிந்த லீவில் விளையாடுகிற பெடியனைப் பிடித்து "நீ அடிமை" என்று சொந்தக்காரர் முன்னால் சொல்லாதீர்கள். அந்தப் பெயரைச் சுமந்துகொண்டு அவன் பிறகு உங்களிடம் எதையும் சொல்ல வரமாட்டான்.

அதற்காக, இந்தப் போன் ஆளைப் பிடித்து வைப்பதில்லை என்று சொல்லவில்லை. ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் புறாக்களை வைத்துக் காட்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. கொத்தினால் தானியம் விழும், ஆனால் எந்தக் கொத்துக்கு விழும் என்று தெரியாது. அப்படி வைத்தால் புறா ஓயாமல் கொத்துகிறது. தானியத்தை நிறுத்திய பிறகும் நெடுநேரம் கொத்துகிறது. ரீல்ஸ் வேலை செய்வதும் இப்படித்தான். பத்து வீடியோ ஒன்றுமில்லாமல் போகும், அடுத்தது நல்லதாக வரும். டவுனில் அதிர்ஷ்டலாபச் சீட்டு வாங்குகிற ஐயாவை மறுநாளும் அந்தப் பெட்டிக்கடைக்கு முன்னால் கொண்டுவந்து விடுவதும் இதே கணக்குத்தான்.

ஆனால் வன்னியில் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய ஒன்று இருக்கிறது. அதுதான் எங்கள் இரவு.

கோவில் திருவிழாவில் வெடி கொளுத்தினால் நெஞ்சைப் பிடித்துக்கொள்கிற ஆட்கள் இன்னும் எங்கள் வீடுகளில் இருக்கிறார்கள். 2009இல் பங்கருக்குள் இருந்த பிள்ளைகள் இன்றைக்கு அப்பா, அம்மா. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டு கிளிநொச்சி கந்தசாமி கோவிலடியில் 2017 பெப்ரவரியில் போராட்டம் தொடங்கிய தாய்மாரில் எத்தனை பேருக்கு இரவில் கண் மூடுகிறது? மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் பல வருடங்களாக எழுதிவருவது இதைத்தான்: போரின் காயம் தனி ஆளோடு நிற்பதில்லை, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே பிடிக்கிறது. நித்திரை வராத ஆளுக்குக் கையில் போன் இருந்தால் அதைத்தான் பார்ப்பார். வேறு என்ன செய்வார், சொல்லுங்கள்? அந்தப் போனைப் பறித்தாலும் அவருக்கு நித்திரை வராது. முழித்திருக்கிற நேரம் இன்னும் வெறுமையாகிவிடும், அவ்வளவுதான்.

இன்னொன்று. கோடை காலத்தில் லண்டனில் வேலை முடிந்து மாமா ஏழு மணிக்கு வாட்ஸ்அப்பில் எடுத்தால் எங்களுக்கு இரவு பதினொன்றரை. ரொறன்ரோவில் இருந்து சித்தி இரவு எட்டு மணிக்கு எடுத்தால் எங்களுக்கு விடிய ஐந்தரை. எடுக்காமல் விடவும் முடியாது, பாசமும் இருக்கிறது, காசு அனுப்புகிறவர்களும் அவர்கள்தான். வீட்டில் பெரியவர்களின் போன் இரவு முழுக்கத் தலைமாட்டில் கிடக்கிறது. அதைப் பார்த்து வளர்கிற பிள்ளையின் போனை மட்டும் பறித்தால் அவன் எப்படி ஏற்றுக்கொள்வான்? அந்தப் போனையும் நாங்களேதான் கொடுத்தோம். 2020இல் கொரோனாவால் பள்ளிக்கூடம் பூட்டியபோது, சூம் வகுப்புக்கு என்று கடன்பட்டு வாங்கிக் கொடுத்த வீடுகள் எத்தனை.

அதனால் நான் சொல்வது இதுதான். இரவில் எல்லோருடைய போனும் குசினியில் சார்ஜில் கிடக்கட்டும், முதலில் அப்பாவுடையது. வெளிநாட்டு உறவுகளிடம் ஞாயிறு பின்னேரம் கதைப்போம் என்று சொல்லிப் பாருங்கள். விளங்கிக்கொள்வார்கள். பெடியன் கூட்டாளிகளோடு பப்ஜி விளையாடும்போது நடுவில் பறித்தால் அவனுடைய அணியே தோற்கும், அந்தக் கோபத்தில்தான் வீட்டில் சண்டை வெடிக்கிறது. ஒரு ஆட்டம் பெரும்பாலும் அரை மணித்தியாலம் அளவில் முடிந்துவிடும். "இது முடிந்ததும் சாப்பிட வா" என்று சொல்லுங்கள். பின்னேரம் கரப்பந்து விளையாட மைதானத்தில் வலை கட்டியிருந்தால் நீங்களும் கூடப் போய் நில்லுங்கள். மைதானத்துக்கு ஒரு லைட் போடச் சொல்லிப் பிரதேச சபையைக் கேட்பதும் இதற்கான மருந்துதான், நான் உண்மையாகவே சொல்கிறேன்.

ஒன்லைன் சூதாட்டம் என்றால் காத்திருக்கவே கூடாது. திரும்பத் திரும்பக் காசு கேட்கிறார், வீட்டு நகை காணாமல் போகிறது, விட்ட காசைப் பிடிக்க இன்னும் கட்டுகிறார் என்றால் உடனே ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

எங்கே போவது? கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்ட வைத்தியசாலைகளில் உளநலப் பிரிவு இருக்கிறது. அரச வைத்தியசாலை, காசு இல்லை. "விசர் என்று ஊர் சொல்லும், நாளைக்குக் கலியாணம் பேச முடியாது" என்ற பயம் எனக்குத் தெரியும். அந்தப் பயத்தால் ஆட்களை இழந்த வீடுகளையும் நான் பார்த்திருக்கிறேன். நேரில் போகக் கூச்சமாக இருந்தால் 1926க்கு எடுங்கள், அது தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம். எப்படித் தொடங்குவது என்று தெரியாவிட்டால், "மகன் இரவில் நித்திரை கொள்வதில்லை" என்று மட்டும் சொல்லுங்கள். மிச்சத்தை அவர்கள் கேட்பார்கள்.