பக்கத்தில் பாய் போட்டுப் படுத்திருப்பவர்

வணக்கம் நேயர்களே. மதுரையில் முப்பது வருசம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது மேலூர்ப் பக்கம் படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்க்கிறேன். நோயாளியைப் பற்றி எல்லோரும் விசாரிக்கிறோம். கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்திருப்பவரைப் பற்றி இன்று பேசுகிறேன்.

ஒரு வீட்டில் மாமனாருக்குப் பக்கவாதம். வலது கை, கால் இழுத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் மாத்திரைச் சீட்டைக் கொடுத்து அனுப்பினார்கள். எப்படித் திருப்பிப் படுக்கவைப்பது என்று மருமகளுக்கு ஒருவரும் செய்து காட்டவில்லை. பத்தே நாளில் இடுப்புக்குக் கீழே தோல் சிவந்துவிட்டது. சிவந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது. அவள் பாசமாகத் தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்த்திருக்கிறாள். சொல்லித்தராதது யார் தப்பு?

"ரெண்டு மணிக்கு ஒருதரம் திருப்பணும்மா" என்றேன். அடுத்த வாரம் போனால் சுவரில் கரிக்கோடுகள்! இடப்பக்கம் சாய்ந்தது ஒன்று, வலப்பக்கம் சாய்ந்தது ஒன்று. ராத்திரி ரெண்டு மணிக்கும் நாலு மணிக்கும்கூடக் கோடு இருந்தது. நாளைக்கு 12 தடவை, மாசத்துக்கு 360 தடவை. கணக்குப் போட்டுப் பாருங்கள்.

"இடுப்பு எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டேன். "மாமாவுக்குப் பரவாயில்லக்கா, சிவப்பு கொறஞ்சிருச்சு" என்றாள். அவள் இடுப்பைத்தான் கேட்கிறேன் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். பழைய பருத்திச் சேலையை நாலாக மடித்து, நோயாளியின் தோளிலிருந்து தொடை வரை அடியில் விரித்துவிடுங்கள். எந்தப் பக்கம் திருப்பணுமோ அந்தப் பக்கம் நின்று, எதிர் ஓரத்தைப் பிடித்து உங்களை நோக்கி இழுங்கள். உடம்பு உருளும். உங்கள் முழங்கால் மடங்கட்டும், முதுகு வளைய வேண்டாம். இழுத்துப்போன கையைப் பிடித்து மட்டும் இழுக்காதீர்கள், தோள் மூட்டு நழுவிவிடும்.

2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் 100-க்கு 10 பேருக்கு மேல் அறுபது தாண்டியவர்கள். இந்தப் பாய்கள் இனிக் கூடத்தான் செய்யும். ஆஸ்பத்திரியில் 'அட்டெண்டர்' என்று கூப்பிட்டு மருந்து வாங்க ஓடவிடுகிறோமே, அவரைக் கட்டிலோரம் நிறுத்தி, அவர் கையாலேயே ஒருதரம் திருப்பவைத்துப் பார்த்த பிறகு வீட்டுக்கு அனுப்பலாமே! இதை எங்கே போனாலும் கேட்கிறேன், இன்னும் கேட்பேன்.

நிலையத்தில் கை காட்டுகிறார்கள், நேரமாகிவிட்டது. 2021-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை, பிசியோதெரபி, வலி தணிக்கும் சிகிச்சை வீட்டுக்கே வருகிறது. வருபவரிடம் உங்கள் முதுகு வலியையும் சொல்லுங்கள். வெளியூரிலிருந்து பணம் அனுப்புகிற அண்ணன் தம்பிமார்களே, அடுத்த தரம் ஊருக்கு வரும்போது ரெண்டு ராத்திரி அந்தப் பாயில் நீங்கள் படுங்கள். சேலையை எப்படி மடிப்பது என்று அவளிடமே கேட்டுக்கொள்ளுங்கள். வணக்கம்.